உடைந்தது, உடைத்தேன்

சென்ற மாதம் அக்கா வீட்டுச் சமையற்கட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்தது. சத்தம் கேட்டு உள்ளே போனால் அக்காவின் மகள், ஆறு வயது, இரண்டு கைகளையும் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே, "உடஞ்சிருச்சு" என்றாள். அது போதாது என்று பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து, "கை பட்டுருச்சு" என்று சேர்த்துக்கொண்டாள். பட்ட கை அவளுடையதுதான். ஆனாலும் அந்த இரண்டு வாக்கியத்திலும் அவளைத் தேடிப் பிடிக்க முடியாது.

தன்வினை, பிறவினையெல்லாம் அவளுக்கு இன்னும் பாடத்தில் வரவில்லை. பிறகு ஒருநாள் வரும். திருந்தினான், திருத்தினான் என்று மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்குவாள். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அந்த இலக்கணத்தை எங்கே, எதற்காகப் பயன்படுத்த வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். உடைந்தது, உடைத்தது. நடுவில் நிற்பது ஒரு ந், ஒரு த். பேச்சில் என்றால் ஞ், ச். மெல்லினம் போட்டால் டம்ளர் தானாக உடைகிறது. வல்லினம் போட்டால் யாரோ உடைக்கிறார்கள். திட்டு விழுவதும் விழாததும் ஒரு மெய்யெழுத்தில் இருக்கிறது.

தமிழ் இந்த விஷயத்தில் தாராளமான மொழி. கோபம், தூக்கம், சிரிப்பு, அழுகை, ஞாபகம் எல்லாம் நமக்கு 'வரும்'. எண்ணம்கூட நாம் எண்ணுவது இல்லை. 'எனக்குத் தோணிச்சு' என்றுதான் சொல்கிறோம். நான் என்கிற ஆள் நான்காம் வேற்றுமை உருபைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வருவது வருகிறது, போவது போகிறது. கொடை நாளில் சாமியே வருகிறது. ஆனால் பரீட்சை முடிவு வந்ததும் அதே ஆள் திண்ணையிலிருந்து குதித்து இறங்கி 'பாஸ் பண்ணிட்டேன்' என்கிறார். முடிவு வேறு மாதிரி இருந்தால் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டு 'ஃபெயிலாக்கிட்டாங்க' என்கிறார். எதை யார் பேரில் பற்று வைப்பது, யார் பேரில் வரவு வைப்பது என்று பார்க்க உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார்போல.

அந்தக் கணக்குப்பிள்ளை எப்படிக் கணக்கு எழுதுகிறார் என்று பார்ப்பதில் பாதி வாழ்நாளைக் கழித்தவர் டேனியல் வெக்னர். 1948இல் கனடாவின் கால்கரியில் பிறந்தவர். டெக்சாஸில் டிரினிட்டி பல்கலைக்கழகம், பிறகு வர்ஜீனியா, கடைசியில் ஹார்வர்டு என்று மூன்று இடங்களில் உளவியல் சொல்லிக்கொடுத்தார். 2002இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பு, நாம் நினைத்துச் செய்கிறோம் என்பது ஒரு மாயத்தோற்றம் என்று சொல்கிறது. மாயை என்றதும் நம்மவர்கள் கயிற்றையும் பாம்பையும் தூக்கிக்கொண்டு அத்வைதத்துக்கு ஓடிவிடுவார்கள். வெக்னர் மனதில் இருந்தது மேடை வித்தைக்காரர். தொப்பியிலிருந்து முயல் வருவதாக நமக்குத் தெரிவதும் உண்மையில் முயல் வந்த வழியும் வேறுவேறு. 'நினைத்தேன், அதனால் செய்தேன்' என்பதும் அப்படியொரு காட்சியாக இருக்கலாம், நினைப்பையும் செயலையும் சேர்த்தே கிளப்பிவிட்டது நமக்குத் தெரியாத மூன்றாவது ஒன்றாக இருக்கலாம் என்றார்.

1999இல் அவரும் தாலியா வீட்லியும் வெளியிட்ட சோதனையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு கம்ப்யூட்டர் மவுஸ், அதன் மேல் ஒரு சின்னப் பலகை. எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து பலகையில் விரல்நுனிகளை வைத்து மெல்ல நகர்த்துகிறார்கள். ஹாஸ்டல் அறையில் விளக்கை அணைத்துவிட்டு ஆவியைக் கூப்பிடுகிறோம் என்று காசை நகர்த்துவார்களே, அதே மாதிரிதான். திரையில் சுமார் ஐம்பது சின்னச்சின்னச் சாமான்கள்: அன்னம், டைனோசர், கார். காதில் ஹெட்ஃபோன். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை எதன் மேலாவது நிறுத்த வேண்டும். நிறுத்தியதும், 'நான் நினைத்து நிறுத்தினேன்' என்பதற்கும் 'அதுவாக நின்றது, நான் விட்டுவிட்டேன்' என்பதற்கும் இடையே போட்ட கோட்டில் ஒரு குறி வைக்க வேண்டும்.

இருவரில் ஒருவர் ஆய்வாளர்களின் ஆள். சில தடவை அவர் காதுக்கு, இன்ன சாமானில் நிறுத்து என்று உத்தரவு வரும். நிறுத்துவது அவர் கை. எதிரில் இருப்பவர் காதில் அந்தச் சாமானின் பெயர் மட்டும், கவனத்தைச் சிதறடிக்க என்பதுபோல, விழும். பெயர் முப்பது விநாடி முன்னால் விழுந்தாலோ, நின்று ஒரு விநாடி கழித்து விழுந்தாலோ, நிறுத்தியது தான் என்று அவர் அவ்வளவாக உரிமை கொண்டாடுவதில்லை. ஐந்து விநாடியோ ஒரு விநாடியோ முன்னால் விழுந்தால் குறி 'நான்' பக்கம் நகர்கிறது. அன்னத்தை நினைத்தேன், அன்னத்தில் நின்றது, அப்படியானால் நிறுத்தியது நான். கணக்குப்பிள்ளை பார்ப்பது இவ்வளவுதான்: நினைப்பு சற்று முன்னால் வந்ததா, செயலோடு ஒத்துப்போகிறதா, பக்கத்தில் வேறு யாரும் கைவரிசை காட்டியதாகத் தெரிகிறதா. மூன்றும் சரியாக இருந்தால் வல்லினம் போட்டுவிடுகிறார்.

இதைப் படித்தபோது ஒரு வேப்பங்கவட்டை ஞாபகத்துக்கு வந்தது. சங்கரன்கோவில் பக்கம் மாமாவின் தோட்டத்தில் கிணறு வற்றிப்போய், போர் போடுவது என்று முடிவான வருஷம். நீரோட்டம் பார்க்கிறவர் எக்ஸெல் வண்டியில் வந்து இறங்கினார். முதலில் குடுமியோடு உரித்த தேங்காயை உள்ளங்கையில் கிடத்திக்கொண்டு நடந்தார். வரப்பு திரும்பும் இடத்தில் அது எழுந்து நின்றது. பிறகு வேம்பில் ஒரு கவட்டை ஒடித்து, இலை உருவி, அதை வைத்துக்கொண்டு மறுபடியும் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். நின்று திரும்பி, "தம்பி, நீங்க பிடிங்க பாப்போம்" என்று என்னிடம் நீட்டினார். "இறுக்காதீக. அதுவா போகும்."

உள்ளங்கைகள் வானம் பார்க்க, கவட்டையின் இரண்டு கிளைகளையும் வெளிப்பக்கமாக விரித்துப் பிடிக்க வேண்டும். நுனி மேல்நோக்கி நிற்கும். நடந்தேன். வரப்பு திரும்பும் இடத்துக்கு நாலடி முன்னாலேயே குச்சியின் தோல் உள்ளங்கையில் முறுக்கிக்கொள்வது தெரிந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன். நுனி அப்படியே குனிந்து மண்ணைக் காட்டியது. கையை விரித்தால் சிவப்பாக இரண்டு கோடு. நான் சாய்க்கவில்லை என்று அன்றைக்கு எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். விரித்துப் பிடித்த கவட்டை விளிம்பில் நிற்கும் பம்பரம் மாதிரி, மணிக்கட்டு அரிசி அளவு திரும்பினாலே குப்புற விழும் என்பது எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று. தேங்காய் எந்த இடத்தில் நின்றது என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதையும் அப்புறம்தான் யோசித்தேன். இவ்வளவு தெரிந்த பிறகும் கையின் ஞாபகத்தில் குச்சிதான் போகிறது, நான் போகவில்லை.

பாரிசில் ஷெவ்ரல் என்ற வேதியியலாளருக்கு இதே அனுபவம் நூலும் வளையமுமாக நடந்தது. சணல் நூலில் கட்டிய இரும்பு வளையத்தைப் பாதரசத்தின் மேல் தொங்கவிட்டால் ஊசலாடியது. நடுவே கண்ணாடித் தகட்டை நீட்டினால் ஆட்டம் அடங்கியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் பாதரசத்தின் சக்தி பற்றி ஒரு புத்தகம் எழுதியிருப்பார். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, வேறொருவரைத் தகட்டை நீட்டவும் எடுக்கவும் சொன்னார். கண்ணாடிக்கு ஒரு பலனும் இல்லாமல் போயிற்று. ஆட வேண்டும் என்ற எதிர்பார்ப்பே விரலை ஆட்டியிருக்கிறது என்று 1833இல் ஆம்பியருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். தன் கையைத் தானே சந்தேகப்பட்ட இந்த மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத தகவல், விட மனமில்லை.

1853இல் லண்டனில் மேசை சுற்றும் பைத்தியம் பிடித்தபோது மைக்கேல் ஃபாரடே செய்தது இதைவிட அழகு. சுற்றி உட்கார்ந்து கைவைத்தால் ஆவிகள் மேசையைச் சுழற்றும் என்று நல்ல குடும்பத்து ஆட்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். கைக்கும் மேசைக்கும் நடுவே, கை பக்கவாட்டில் தள்ளினால் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு வைக்கோல் தண்டை ஃபாரடே பொருத்தினார். தண்டு அவர்கள் கண்ணில் படாதபோது மேசை நகர்ந்தது. நகர்த்தியது கைதான் என்று தண்டு சொன்னது. தண்டை அவர்கள் கண்ணெதிரே வைத்ததும் மேசை நின்றுவிட்டது. ஏமாற்றுக்காரர் என்று ஃபாரடே யாரையும் சொல்லவில்லை.

இதெல்லாம் வேடிக்கைதான். வேடிக்கையாக இல்லாமல் போன ஒன்றும் உண்டு. 1990 வாக்கில், ஆட்டிசம் காரணமாகப் பேசாத குழந்தைகளின் கையை உதவியாளர் ஒருவர் தாங்கிப் பிடித்து எழுத்துப்பலகையில் தட்ட வைக்கும் முறை ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் வேகமாகப் பரவியது. அதுவரை ஒரு சொல் பேசாத பிள்ளை, அம்மா நான் உன்னை நேசிக்கிறேன் என்று தட்டியது. கவிதை தட்டியது. சில வீடுகளில், அப்பா என்னிடம் தவறாக நடந்தார் என்றும் தட்டியது. குடும்பங்கள் பிரிக்கப்பட்டு வழக்குகள் நடந்தன. பிறகு யாருக்கோ ஷெவ்ரல் மாதிரி ஒரு யோசனை வந்தது. பிள்ளைக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறு படம், ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாமல் காட்டினார்கள். பலகையில் வந்த சொல் உதவியாளர் பார்த்த படத்தின் பெயராகவே இருந்தது. 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. எனக்கு அந்த உதவியாளர்களை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. சம்பளத்துக்குப் பொய் சொன்னவர்கள் இல்லை, பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். தங்கள் விரலிலிருந்து வந்த வாக்கியத்தைப் படித்து அவர்களே அழுதிருக்கிறார்கள்.

செய்ததை நான் செய்யவில்லை என்பதும் செய்யாததை நான் செய்தேன் என்பதும் கணக்கின் இரண்டு பக்கம். கணக்கில் ஏறவே ஏறாத மூன்றாவது வகை ஒன்று உண்டு: வேண்டாம் என்று நினைக்க நினைக்க நடப்பது. வெக்னர் பெயர் முதலில் வெளியே தெரிந்தது அதில்தான். வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருந்து பாருங்கள், சனியன் நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும் என்று தஸ்தயேவ்ஸ்கி 1863இல் ஒரு பயணக் குறிப்பில் எழுதிப்போனதை வெக்னர் பிடித்துக்கொண்டார். 1987இல் மாணவர்களை உட்காரவைத்து, மனதில் ஓடுவதையெல்லாம் ஐந்து நிமிஷம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஐந்து நிமிஷம், இனி தாராளமாக நினைக்கலாம் என்றபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள் அதிகம் நினைத்தார்கள்.

நமக்குக் கரடி எதற்கு, குரங்கே இருக்கிறது. மருந்து சாப்பிடும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய கதையைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. எங்கள் ஆச்சி இதை வைத்தியரின் சாமர்த்தியமாகத்தான் சொல்வாள். நோய் தீராவிட்டால், நீ நினைச்சிருப்பே என்று தப்பித்துக்கொள்ளலாம். மருந்து ஒருநாளும் தோற்காது. கதையில் குரங்கை வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். மனதையே குரங்கு என்று சொல்கிற ஊரில், குரங்கை நினைக்காதே என்பது மனதை நினைக்காதே என்பதுபோல ஆகிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு வெக்னர் 1994இல் சொன்ன விளக்கத்தை நம் ஊர்ப் பாணியில் சொன்னால், வாட்ச்மேன் கையில் திருடனின் போட்டோ. ஒரு பக்கம் மனம் மும்முரமாக வேறு விஷயங்களைத் தேடிப் பிடித்துவந்து கவனத்தை நிரப்புகிறது. அது உழைப்பு, களைப்பு தரும். இன்னொரு பக்கம், திருடன் வந்துவிட்டானா என்று வாட்ச்மேன் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறான். வந்தது திருடன்தானா என்று தெரிய அவன் போட்டோவை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். உழைப்பாளிக்கு அலுப்புத் தட்டும் நேரத்தில், அல்லது வேறு வேலை வந்து தலையில் விழும் நேரத்தில், அங்கே மிச்சம் இருப்பது போட்டோ மட்டும்தான். 1998இல் அவர் குழுவினர் ஊசல் ஒன்றைக் கையில் கொடுத்து, இந்தத் திசையில் மட்டும் ஆடவிடாதே என்றார்கள். ஆடியது. இன்னொரு கையில் செங்கலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாலோ ஆயிரத்திலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னாலோ அதே திசையில் இன்னும் அதிகமாக ஆடியது. தளும்பத் தளும்பப் பாயசம் கொண்டுபோகிறவனிடம், டேய் சிந்திராதே என்று கத்துகிற பெரியப்பாக்கள் எல்லாப் பந்தியிலும் இருக்கிறார்கள்.

விடியற்காலை ரயிலுக்கு முந்தின இரவு எனக்கு வெக்னர் தேவைப்படுவதில்லை. நாலு மணிக்கு அலாரம், இப்போது பதினொன்று, தூங்கினால் ஐந்து மணி நேரம். பன்னிரண்டு, தூங்கினால் நாலு. இதையும் சோதித்திருக்கிறார்கள். சீக்கிரம் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டு ராணுவ அணிவகுப்பு இசையைக் காதில் போட்டால், எப்போது வேண்டுமானாலும் தூங்குங்கள் என்று சொல்லப்பட்டவர்களைவிட அவர்களுக்குத் தூக்கம் தாமதமாகிறது. தூக்கம் வர வேண்டும் என்றுதான் நம் மொழியும் சொல்கிறது. வருகிறவரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவர முடியாது. கரடிக்கு வெக்னர் கண்ட உபாயம் ஒன்று எனக்குப் பிடிக்கும். கரடியை நினைக்காதே என்று மட்டும் சொல்லாமல், அது வந்தால் ஒரு சிவப்பு ஃபோக்ஸ்வேகன் காரை நினைத்துக்கொள் என்று சொன்னபோது, பிற்பாடு கரடியின் தொல்லை குறைந்தது. ஆச்சிக்கு இரவில் தூக்கம் வராவிட்டால் பாகப்பிரிவினைக்கு முந்தைய பெரிய வீட்டில் எத்தனை நிலைக்கதவு என்று மனதுக்குள் எண்ணுவாள். அவளுடைய சிவப்புக் கார் அது.

இவ்வளவு தூரம் வெக்னரோடு வந்துவிட்டு, புத்தகத் தலைப்பில் எனக்குச் சடக்கென்று பிரேக் விழுகிறது. கணக்குப்பிள்ளை சில இடங்களில் தப்பாக எழுதுகிறார் என்பதிலிருந்து கணக்குப் புத்தகம் முழுக்கப் பொய் என்று எப்படி வரும்? தத்துவவாதி ஆல்ஃபிரட் மீலி இதைத்தான் கேட்டார். பலகை, கவட்டை, ஊசல் எல்லாம் கணக்கைக் குழப்புவதற்கென்றே அமைந்த இடங்கள்; யார் கை என்று தெரியாத இடங்கள். தம்பி கல்யாணத்துக்கு மாசக் கணக்கில் முன்னால் டிக்கெட் எடுப்பதும் சீட்டுக் கட்டிப் பணம் சேர்ப்பதும் ஐந்து விநாடி முன்னால் காதில் விழுந்த சொல்லால் நடப்பவை இல்லை. மணிக்கட்டை அசைக்க வேண்டும் என்ற உந்துதல் நமக்குத் தெரிவது அசைவுக்குச் சுமார் 200 மில்லிசெகண்டு முன்னால், மூளையில் மின் அறிகுறி தொடங்குவதோ 550 மில்லிசெகண்டு முன்னால் என்று 1983இல் பெஞ்சமின் லிபெட் காட்டியதையும் இந்த வரிசையில் நிறுத்துவார்கள். அந்த ஏற்றம் மூளையில் எப்போதும் இருக்கிற தற்செயலான அலைவு ஒரு எல்லையைத் தொடுவதாகவே இருக்கலாம் என்று 2012இல் ஆரன் ஷூர்கரும் மற்றவர்களும் எழுதிய பிறகு அந்தச் சாட்சியும் முன்போல உறுதியாக நிற்கவில்லை.

ஆனால் அதே புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் வெக்னர் தலைப்பைவிட நிதானமாகப் பேசுகிறார். நான் செய்தேன் என்ற உணர்வு கப்பலின் திசைகாட்டி மாதிரி என்கிறார். அது கப்பலைச் செலுத்துவதில்லை. ஆனால் கப்பல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிகிறது. இந்த உணர்வு இருப்பதால்தான் ஒன்றைச் செய்துவிட்டுக் கூச முடிகிறது, நெஞ்சை நிமிர்த்த முடிகிறது, மன்னிப்புக் கேட்க முடிகிறது. அவரே அதை ஒரு உணர்ச்சி என்றுதான் வகைப்படுத்துகிறார். அந்த அளவில் எனக்கு அவரோடு சண்டை இல்லை. கணக்குப்பிள்ளை பண்ணையார் இல்லை. அவர் எழுதிவைக்காவிட்டால் பண்ணை நடக்கவும் நடக்காது.

வெக்னர் 2013 ஜூலையில், 65 வயதில், ஏ.எல்.எஸ். நோயில் இறந்தார். நாம் நினைத்து அசைக்கிற தசைகளின் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அற்றுப்போகிற நோய் அது. பலருக்கு அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கும். நினைப்பு இருக்கிறது, சற்று முன்னாலேயே வருகிறது, குறுக்கே வேறு யாரும் இல்லை, கை மட்டும் வருவதில்லை. அவர் போட்ட மூன்று நிபந்தனைகளில் இரண்டு பூர்த்தியாகி, ஒத்துப்பார்த்து எழுதச் செயல் இல்லாமல் கணக்குப்பிள்ளை பேனாவோடு காத்திருக்கும் நிலை. இதை ஒரு குறியீடு ஆக்கிப் பேசியவர்கள் உண்டு. எனக்கு அது நோய் மட்டும்தான்.

மாமா தோட்டத்தில் தேங்காய் நின்ற இடத்தில் 420 அடி இறக்கினார்கள். புழுதிதான் பறந்தது. "பூமி குடுக்கல" என்றார் நீரோட்டம் பார்த்தவர். பத்து நாள் கழித்து மறுபடியும் வந்து, வடக்கே பனைமரத்துப் பக்கம் ஒரு இடம் காட்டினார். அங்கே ஒன்றரை இஞ்சுத் தண்ணீர் வந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, "நான் பாத்த பாயிண்டு தப்புமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா மகளும் அப்படித்தான். டம்ளர் விழுந்து நாலைந்து நாள் இருக்கும், கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி பையனோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் தன் சைக்கிள் வீரத்தைச் சொல்லி முடித்தான். இவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "டேய், நான் ஒரு கண்ணாடி டம்ளர உடைச்சேன் தெரியுமா? டமார்னு" என்றாள்.